வேலை பேண்ட் மலையில எத்தனை மாசம் உழைக்கும்?

கேத்திக்காரன் (கேத்தி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. நீலகிரியில கேத்திப் பள்ளத்தாக்குல கேரட், பீட்ரூட், கொஞ்சம் உருளை போடறோம். ஆள் வைச்சாலும் நானும் இறங்கித்தான் வேலை பார்க்கறேன். கேள்வி பேண்டைப் பத்தி, சிரிக்காதீங்க.

சந்தையில 400, 500 ரூபாய்க்கு எடுக்கற ஜீன்ஸ் ஒரு போகம் தாண்ட மாட்டேங்குது. முதல்ல முட்டி வெளுக்குது, அடுத்து கவட்டுல விட்டுருது. மத்த இடமெல்லாம் புதுசாட்டமே இருக்கும், தூக்கிப் போடவும் மனசு வராது. கேரட் பிடுங்கறப்ப பாதி நேரம் குந்திக்கிட்டு, பாதி நேரம் முட்டி போட்டுக்கிட்டுத்தான் இருப்போம். கனமான துணி எடுத்தா சரியாகுமா? டைலர்கிட்டக் குடுத்துத் தைக்கறதா? இல்லை, மலை வேலைன்னா இவ்வளவுதான் உழைக்கும்னு விட்டுடறதா?

லோகோஷெட் (குன்னூர்)

தம்பி, துணியோட எடையைக் கேட்டு வாங்கணும். டெனிமை அவுன்ஸ் கணக்குலதான் சொல்லுவாங்க, ஒரு சதுர கஜம் துணி எத்தனை அவுன்ஸ் நிக்குதுன்னு. 10 அவுன்ஸ்னா சதுர மீட்டருக்கு சுமார் 340 கிராம். 14 அவுன்ஸ்னா 475 கிராம் கிட்ட வரும். நீ வாங்கறது 10கூட இருக்காது, அதுலயும் இழுத்தா நீள்ற லைக்ரா கலப்பு. அது காலேஜுக்குப் போற பசங்களுக்கான துணி.

ரயில் எஞ்சின் ஷெட்டுல நாங்க போட்டது கட்டி நீலத் துணி. எண்ணெய், சூடு, இரும்பு எல்லாத்துக்கும் அதுதான். பல் சக்கரப் பாதையில ஓடற எஞ்சினுக்கு அடியில மல்லாக்கப் படுத்து எந்திரிச்ச துணி, முதுகுப் பக்கம் மினுங்குமே தவிர கிழியாது. பாக்கெட் மூலையில செம்பு ஆணி அடிக்கிற வழக்கம்கூட வேலைக்காரனுக்காக வந்ததுதான். ஜேக்கப் டேவிஸ்னு அமெரிக்காவுல ஒரு டைலர், துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோட சேர்ந்து 1873ல அதுக்குக் காப்புரிமை வாங்கினார். முழு பேண்டையும் மாத்தலை பாரு, கிழியற மூலையில மட்டும் ஆணி வைச்சார்.

தேவாலா மழை (பந்தலூர்)

ஐயா சொல்றது குன்னூருக்குச் சரி. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் முடியற வரைக்கும் எங்க பக்கம் வந்து 14 அவுன்ஸ் ஜீன்ஸைக் காயப் போட்டுக் காட்டுங்க. கால் பக்கம் காஞ்சாலும் இடுப்புப் பட்டையும் பாக்கெட் உள்துணியும் காயவே காயாது. அரை ஈரத்தோட மறுபடி மாட்டிக்கிட்டு வேலைக்குப் போறோம். சீசன் பாதி போறதுக்குள்ள கரும்புள்ளி விழுந்துரும். அப்புறம் விரலால குத்தினாலே துணி விட்டுரும்.

எங்க ஊர்ல பேண்டைக் கிழிக்கறது முள்ளும் மண்ணும் இல்லைங்க, பூசணம். கனத்தைக் கூட்டினா தண்ணியையும் கூட்டிச் சுமக்கணும்.

நூல்கண்டு (கோவை, சொந்த ஊர் குன்னூர்)

துணி ஆலையில் தரம் பார்க்கும் வேலை என்பதால் இதில் ஒரு வார்த்தை. பருத்தி நனைந்தால் பலம் குறையாது, கூடும். உலர்ந்த நூலைவிட ஈர நூல் கொஞ்சம் அதிக இழுவையைத் தாங்கும். மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ் நூல் நேர் எதிர், நனைந்தால் நொந்துபோகும். அதனால் மழைக்கால வேலைக்கு விஸ்கோஸ் கலப்பு வேண்டவே வேண்டாம். உள்பக்கச் சீட்டில் ரேயான் என்று போட்டிருந்தாலும் அதே சங்கதிதான்.

அப்படியானால் தேவாலாவில் பருத்தி ஏன் தோற்கிறது? ஈரத்தால் இல்லை, ஈரம் நின்றுபோவதால். பூஞ்சைக்குப் பருத்தி என்பது சாப்பாடு. பாலியஸ்டரை அது தின்னாது, மேலே படிந்த அழுக்கிலும் கஞ்சியிலும் வேண்டுமானால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஊருக்கு ஊர் பேண்டின் எமன் வேறு.

கேத்திக்காரன்

அப்ப எனக்கு எமன் யாருங்க? எங்க பக்கம் தேவாலா அளவுக்கு மழை இல்லை, ஐப்பசி கார்த்திகையில தவிர துணி காஞ்சுரும்.

நூல்கண்டு

உங்களுக்கு மண். ஈர மண்ணில் இருக்கும் பொடி மணல் நூலுக்குள் புகுந்துகொண்டு, நீங்கள் முட்டியை அசைக்கும்போதெல்லாம் உள்ளிருந்தே அரமாக அறுக்கும். வெளியே தேய்வது பாதி, உள்ளே அறுபடுவது பாதி.

ஆலையில் உராய்வுக்கு மார்ட்டின்டேல் என்றொரு மெஷின் வைத்திருப்பார்கள். வேலை உடுப்புத் துணியை 12 கிலோ பாஸ்கல் அழுத்தத்தில், சாதாரண உடுப்பை 9ல் தேய்த்து, எத்தனை சுற்றில் நூல் அறுகிறது என்று எண்ணுவார்கள். விளம்பரங்களில் இத்தனை ஆயிரம் சுற்று தாங்கும் என்று போடுவது இதைத்தான். ஆனால் அந்த மெஷின் தேய்ப்பது கம்பளித் துணியை வைத்து, அதுவும் உலர்ந்த நிலையில். கேத்தி மண்ணை வைத்து யாரும் தேய்த்துப் பார்ப்பதில்லை. இரண்டு துணியில் எது மேல் என்று ஒப்பிட அந்த எண் உதவும். எத்தனை மாசம் உழைக்கும் என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

மன்னவனூர் பூண்டு (கொடைக்கானல் மேல்மலை)

அண்ணே, எங்க பக்கம் பூண்டு, உருளை, கேரட். நீங்க படற பாடுதான் நாங்களும். ரெண்டு வருசமா ஜீன்ஸை விட்டுட்டேன். பாலியஸ்டர் 65, பருத்தி 35 கலந்த ட்ரில் துணி, செக்யூரிட்டி ஆளுங்க யூனிபார்முக்குத் தைப்பாங்களே அது. சாயங்காலம் அலசிப் போட்டா காலையில மாட்டிக்கலாம். மார்கழி தை உறைபனியில விடியக்காலம் வயல்ல கால் வைக்கிறப்ப ஈர ஜீன்ஸ் போட்டவனுக்குத்தான் தெரியும் அந்தக் கொடுமை.

விலையும் கம்மி. முட்டியில மட்டும் அதே துணியில ரெட்டைப் போர்வை குடுத்துத் தைச்சுக்கிட்டேன்.

லோகோஷெட்

பாலியஸ்டர் துணியில ஒரு பீடி நெருப்பு விழுந்தா என்ன ஆகும்னு தெரியுமா தம்பி?

மன்னவனூர் பூண்டு

நான் பீடி குடிக்கறதில்லைங்கய்யா.

தைலக்கொட்டாய் (ஊட்டி)

பெரியவர் சொல்றதைச் சிரிச்சுட்டு விட்ராதீங்க. கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை போட்டுத் தைலம் காய்ச்சற இடத்துல இருக்கேன். அடுப்புல காஞ்ச இலைதான் எரியும், பொறி பறந்துக்கிட்டே இருக்கும். பருத்தியில பொறி விழுந்தா கருகும், தட்டி விட்ரலாம். பாலியஸ்டர் 260 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னாடியே உருகிடும். உருகினது தோல்ல ஒட்டுச்சுன்னா தோலோடதான் வரும். வெல்டிங் வைக்கறவங்களுக்கும் இதே கதைதான். வெடிமருந்து வேலைக்கும் பருத்திதான், செயற்கை நூல் உரசினா மின்சாரம் சேரும், அங்க ஒரு பொறி போதும்.

அதனால நெருப்புக்கிட்ட நிக்கறவன் பேண்ட் எத்தனை மாசம் உழைக்கும்னு கேக்கக்கூடாது. காலைக் காப்பாத்துமான்னுதான் கேக்கணும். வயல்ல நிக்கறவருக்கு 65க்கு 35 தாராளமாப் போதும்.

தையல்கடை (கோத்தகிரி)

எல்லாரும் துணியையே பேசறீங்க. என்கிட்ட ரிப்பேருக்கு வர்ற பேண்டுல துணி போய் வர்றது முட்டி மட்டும்தான். மத்ததெல்லாம் தையல் விட்டதுங்க.

கேத்திக்காரர் கவட்டுல விடுதுன்னு சொன்னாரில்ல, அதுக்குத் துணி மேல பழி போடாதீங்க. இப்ப ரெடிமேடா வர்றதெல்லாம் ஒட்டிப் பிடிக்கிற வெட்டு. சமவெளியில நடக்கறவனுக்கு அது போதும். நம்மூர்ல ஒவ்வொரு பாத்திக்கும் காலைத் தூக்கி ஏறணும், குந்தணும். சீட்டுல லூஸ் இல்லைன்னா நாலு தையலும் கூடற அந்த ஒரு புள்ளிதான் மொத்த இழுவையும் வாங்குது. அங்க விடாம வேற எங்க விடும்? வேலைப் பேண்டுக்குச் சீட்டும் தொடையும் தாராளமா வைச்சு, கவட்டுல உள்ளங்கை அகலத்துக்கு நாலு மூலைத் துண்டு ஒண்ணு வைச்சுத் தைச்சா அந்தப் புள்ளியே இல்லாமப் போயிரும். தையல் நாலு பக்கமா ஒதுங்கிப் போகுது, இழுவையும் பிரிஞ்சு போகுது. பழைய பைஜாமாவுல எல்லாம் இந்தத் துண்டு இருக்கும். இப்பத்தப் பசங்க மூக்கைச் சுளிக்கறாங்க.

அடுத்தது தையல். ரெடிமேடைத் திருப்பிப் பாருங்க, உள்பக்கம் ஓவர்லாக் அடிச்சு ஒத்தைத் தையல் போட்டு விட்டிருப்பான். ரெண்டு ஓரத்தையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிச்சு மேல ரெண்டு வரி ஓட்டணும். துணியோட வெட்டு ஓரம் வெளியவே தெரியக்கூடாது. நூல் பாலியஸ்டரா இருக்கட்டும். பருத்தி நூல்ல தைச்சா துணிக்கு முன்னாடி நூல் மக்கிரும். கட்டித் துணிக்கு 16ஆம் நம்பர் ஊசி, இன்னும் கட்டின்னா 18. அங்குலத்துக்கு 7, 8 தையல் போதும். நெருக்கமாத் தைச்சா பலம்னு சில பேர் கேட்டு வாங்கறாங்க. நெருக்கித் தைச்சா ஊசி ஓட்டை வரிசையா விழுந்து, ஸ்டாம்பு கிழிக்கற மாதிரி அந்த வரியிலயே கிழிஞ்சு வரும்.

தைக்கறதுக்கு முன்னாடி துணியை ஒரு ராத்திரி ஊற வைச்சுக் காயப் போட்டுக் கொண்டாங்க. டைலரைத் திட்டாம இருக்கலாம்.

கேத்திக்காரன்

அண்ணா, இதுக்குத்தான் காத்திருந்தேன். முட்டிக்கு என்ன பண்ணலாம்? மன்னவனூர் தம்பி ரெட்டைப் போர்வைன்னாரே.

தையல்கடை

ரெட்டைத் துணி நல்லதுதாங்க, ஆனா வைக்கறதுல இருக்கு. முட்டிச் சில்லு அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி ஒட்டினா அந்தச் சதுரத்தோட ஓரத்துல அடுத்து கிழியும். தொடைப் பாதியில இருந்து கீழ அரைக்கெண்டை வரைக்கும், ரெண்டு பக்கத் தையல்லயும் சேர்த்துப் பிடிச்சு, ஒரே பலகையா வைக்கணும். நூல் ஓட்டம் பேண்ட் துணியோட அதே பக்கமா இருக்கணும். கீழ் ஓரத்தை மட்டும் தைக்காம ரெண்டு விரல் விட்ருங்க. மண்ணும் சருகும் உள்ள சேர்ந்தா அது வழியா உதிர்ந்துரும். நாலு பக்கமும் மூடித் தைச்சீங்கன்னா உள்ளயே மணல் தங்கி, கோவைத் தம்பி சொன்ன அரம் வேலையை அது பார்க்கும்.

புதுசுலயே வைச்சுருங்க. ஓட்டை விழுந்தப்பறம் வைக்கற ஒட்டுக்குப் பிடிச்சுக்கத் துணி இருக்காது. பழசா இருந்தா, வெளுக்க ஆரம்பிச்சதும் உள்பக்கமா வைங்க. மூலையை வட்டமா வெட்டிக்குங்க. ஒட்டுத் துணி பேண்டைவிடக் கட்டியா இருக்கக் கூடாது. நல்லாத் துவைச்ச பழைய பேண்ட் துணியே போதும்.

கொழுந்து (பந்தலூர்)

இவ்வளவு பேர் பேசறீங்க, எல்லாம் ஆம்பளைங்க பேண்ட். நான் தேயிலைத் தோட்டத்துல வேலை செய்யறேன். எங்க அப்பா அம்மா 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்தவங்க, அப்ப இருந்து தோட்டம்தான்.

எங்களுக்குப் பேண்ட் யாரும் தைக்கறதில்லை. வீட்டுக்காரரோட பழைய பேண்ட், அதுக்கு மேல நைட்டி, அதுக்கு மேல அவரோட சட்டை, இடுப்பைச் சுத்திப் படுதா. செடியில இருக்கற ஈரம் பூரா இடுப்புக்குக் கீழதான் வாங்கும். மழைக்காலத்துல அட்டைப்பூச்சிக்காகப் பேண்ட் இல்லாம இறங்கவே முடியாது. ஆக அவர் போட்டுக் கிழிச்சதைத்தான் நாங்க போட ஆரம்பிக்கறோம். ஒரு பேண்டுக்கு எத்தனை மாசம்னு நீங்க கணக்குப் போடறப்ப, அதை நாங்க போடற காலத்தையும் சேர்த்துக்கங்க.

இடுப்பு பெருசா இருக்கும், நாடாவோ கயிறோ போட்டுக் கட்டுவோம். தொடையில இறுக்கும். பாக்கெட் இருக்கற இடம் எங்களுக்குக் கைக்கே எட்டாது. அண்ணா, நீங்க டைலர்தானே, பொம்பளைங்களுக்கு வேலைப் பேண்ட் தைச்சுக் குடுத்திருக்கீங்களா?

தையல்கடை

இல்லம்மா. கேட்டு யாரும் வந்ததில்லைன்னு சொன்னா அது பதில் ஆகாது, தெரியுது.

கொழுந்து

கேட்டா சிரிப்பாங்கன்னுதான் யாரும் வரலை. என்ன வேணும்னு நானே சொல்றேன். இடுப்புல எலாஸ்டிக் மட்டும் போட்டா நனைஞ்ச கனத்துல இறங்கிடும், அதனால எலாஸ்டிக்கோட நாடாவும் வேணும். இடுப்புக்கு அளவு, சீட்டுக்குத் தனி அளவு. தேயிலையில முட்டி தேயாது, முன்தொடைதான் தேயும். வரிசைக்குள்ள நுழைஞ்சு நிக்கறப்ப குச்சி பூரா அங்கதான் உரசுது. கவாத்து வெட்டி ஒரு வருசம் ஆகாத மலைன்னா அது குச்சி இல்லை, ஈட்டி. அதனால கேரட்டுக்கு முட்டியில வைக்கற அந்தப் பலகையை எங்களுக்கு முன்தொடையில வையுங்க. கணுக்கால்ல இறுக்கிக் கட்டற மாதிரி நாடா ஒண்ணு.

துணி கறுப்போ கரும்பச்சையோ. கொழுந்துக் கறை போகாது.

தையல்கடை

துணி நீங்களே எடுத்துக் குடுத்தாலும் சரி, நானே எடுத்தாலும் சரி, முதல் ஒண்ணைக் கூலி இல்லாமத் தைச்சுத் தர்றேன். போட்டுப் பார்த்துட்டு எங்க இடிக்குதுன்னு இதே மாதிரி விவரமாச் சொல்லணும். அளவு மட்டும் தனிச்செய்தியில அனுப்புங்கம்மா. இடுப்பு, சீட், தொடை, முன்பக்கக் கவட்டு, பின்பக்கக் கவட்டு, உள்கால் நீளம். குந்தின நிலையில இடுப்புல இருந்து முட்டி வரைக்கும் ஒரு அளவு எடுங்க, அதை எந்த டைலரும் கேட்டிருக்க மாட்டான்.

தாண்டிக்குடி காப்பி (கீழ்ப்பழனி மலை)

நல்ல பேச்சு. எங்க தோட்டத்துல காப்பி, மிளகு, இடையில மலைவாழை. நிழல் மரம் கழிக்கறதுக்குச் செயின்சா ஓட்டறேன், அதனால என் பக்கத்துச் சங்கதி ஒண்ணு.

செயின்சா பேண்ட்டுனு தனியா இருக்கு. முன்பக்கம் உள்ளுக்குள்ள நீள நீளமான நார் அடுக்கடுக்கா வைச்சிருப்பாங்க. சங்கிலி மேல பட்டா அது வெளித்துணியை அறுக்கும். உடனே உள்ள இருக்கற நார் உருவிக்கிட்டு வந்து பல் சக்கரத்துல சுத்தி மெஷினையே நிறுத்திரும். அறுக்க முடியாத துணின்னு நினைச்சுறாதீங்க, சிக்கி நிறுத்தற துணி. சங்கிலி வேகத்துக்கு ஏத்த மாதிரி வகுப்பு உண்டு, 1ஆம் வகுப்பு நொடிக்கு 20 மீட்டர், 2ஆம் வகுப்பு 24, 3ஆம் வகுப்பு 28.

அதுல சங்கிலி ஒரு தடவை பட்டுருச்சுன்னா கதை முடிஞ்சுது, தைச்சுப் போடக் கூடாது. முள்ளு கிழிச்சா வெளித்துணியை மட்டும் பிடிச்சுத் தைக்கலாம். உள்நாரையும் சேர்த்து ஊசி இறக்கிட்டா அது உருவாது, பேண்ட் வெறும் கனத்த பேண்ட்தான். இதைத் தெரியாம ஆளுங்க நேரா டைலர்கிட்டக் கொண்டு போயி மெஷின்ல விட்டு ஓட்டி வாங்கிட்டு வர்றாங்க. தையல்கடை அண்ணே, உங்ககிட்ட வந்தா திருப்பி அனுப்பிருங்க.

தையல்கடை

வந்திருக்குங்க. பஞ்சு வைச்ச பேண்டுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இனி வெளித்துணி மட்டும்தான்.

தேவாலா மழை

சரி, துவைக்கறதைப் பத்தி யாராவது பேசுங்க. எங்க வீட்டுல கல்லுல அடிச்சு, பிரஷ் போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியில ஊற வைச்சு, அப்புறம் மறுபடி கல்லு. பூசணம் போகணும்ல.

நூல்கண்டு

பூஞ்சையைவிட அந்த வைத்தியம் வேகமாகத் தின்றுவிடும். பிளீச் கறையை மட்டும் தேடிப்பிடித்துத் தாக்காது, பருத்தி நாரையும் அரிக்கும். லைக்ரா கலந்திருந்தால் குளோரினில் அது சீக்கிரமே செத்துப்போகும், முட்டி தொங்கும்.

சேறு ஒட்டிய பேண்டை ஈரத்தோடு பிரஷ் போட்டால் மணலை நூலுக்குள் திணிக்கிறீர்கள். முதலில் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிச் சேற்றைக் கரையவிடுங்கள். இல்லையென்றால் முழுக்கக் காயவிட்டு உதறிவிட்டு, பிறகு நனையுங்கள். உள்பக்கம் வெளியே திருப்பி ஊறவைத்துக் கையால் கசக்கினால் போதும். முட்டியிலும் இடுப்புப் பட்டையிலும் மட்டும் கொஞ்சம் சோப்பு. பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டு, இடுப்பு மேலே இருக்கும்படி, இரண்டு கொடிக்கு நடுவே கூடாரம்போல் விரித்துக் காயப்போடுங்கள். காற்று உள்ளே போனால்தான் பட்டை காயும்.

கொழுந்து

நீங்க சொல்றதுக்கு வெயிலும் காத்தும் வேணுமே. லயத்துல, அதான் எங்க தோட்டத்து வரிசை வீட்டுல, அடுப்புக்கு மேல கொடி கட்டித்தான் காயப் போடறோம். புகை வாடை அடிக்கும், ஆனா பூசணம் பிடிக்காது. அடுப்பு அணைஞ்ச பிறகும் அந்தச் சூடு ராத்திரி பூரா நிக்கும். கேஸ் அடுப்பு வந்த வீட்டுலதான் இப்ப துணி காயறதில்லை.

லோகோஷெட்

சரியாச் சொன்னேம்மா. பாய்லர் பக்கத்துல தொங்க விட்ட துணி எதுக்கும் பூசணம் கண்டதில்லை நாங்க.

மன்னவனூர் பூண்டு

மருந்தடிக்கிற பேண்டைப் பத்தியும் சொல்லிருங்கண்ணே. உருளைக்கு வாரம் ஒருக்கா அடிக்க வேண்டியிருக்கு மழையில.

நூல்கண்டு

மருந்துக்கென்று ஒரு பேண்டை ஒதுக்கிவிடுங்கள், வேறு எதற்கும் அதைப் போடாதீர்கள். பருத்தி மருந்தை உறிஞ்சித் தோலோடு வைத்துக்கொண்டிருக்கும், ஆகவே மேலே பிளாஸ்டிக் முன்மறைப்பு கட்டிக்கொள்ளுங்கள். அடித்த அன்றே தனியாகத் துவைக்க வேண்டும். வீட்டுத் துணியோடும் குழந்தைத் துணியோடும் ஒரே வாளியில் வேண்டாம். மருந்து நேராகக் கொட்டி ஊறிப்போன பேண்டைத் துவைத்தும் பயனில்லை, கழித்துவிடுங்கள். இந்தப் பேண்டை மட்டும் அடுத்தவர் போடக் கொடுக்கவே கூடாது. கொழுந்து அக்கா சொன்னதைப் படித்தபோதே சொல்ல நினைத்தேன். வீட்டுக்காரர் தேயிலைக் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து அடித்த பேண்டாக அது இருந்துவிடக் கூடாது.

கொழுந்து

பல வீட்டுல அதுதான் தம்பி. எங்க வரிசையில சொல்லி வைக்கறேன்.

கேத்திக்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும்: 65க்கு 35 ட்ரில், சீட் லூஸ், கவட்டுல துண்டு, முட்டிக்குப் பலகை. மூணு பேண்டா எடுத்து மாத்தி மாத்திப் போடறது. துணி எங்க எடுக்கலாம்? ரெடிமேட் விலையில அடங்குமா?

தையல்கடை

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில மொத்தமா எடுத்தா மீட்டர் விலை நல்லாவே இறங்கும், நாலு பேரு சேர்ந்து எடுங்க. இந்த மாதிரி பேண்டுக்குத் துண்டும் பலகையும் சேர்த்து ஒண்ணே முக்கால் மீட்டர் ஆகும், அகலம் 58 அங்குலமா இருந்தா. கூலியோட சேர்த்தா ரெடிமேடைவிடக் கண்டிப்பாக் கூடத்தான் வரும். பொய் சொல்லமாட்டேன். ஆனா ரெடிமேட் ஒரு போகம்னா இது மூணு போகத்துக்குக் குறையக் கூடாது. குறைஞ்சா கொண்டாங்க, பார்த்துக்கலாம்.

ஜிப் பித்தளையில கேளுங்க. இரும்பு ஜிப் மழைக்குத் துருப்பிடிச்சு, சுத்தி இருக்கற துணியையும் சேர்த்துத் தின்னுரும். சேத்துல நிக்கறவங்க பட்டனே போட்டுக்கலாம், எங்கயும் சிக்காது.

தாண்டிக்குடி காப்பி

ட்ரில்லுதான் சரி. உண்ணிமுள்ளு மாட்டி இழுத்தா கேன்வாஸ் நேராக் கிழியுது, ட்ரில்லு அவ்வளவு சீக்கிரம் கிழியறதில்லை. ஏன்னு கோவைத் தம்பிதான் சொல்லணும்.

நூல்கண்டு

ட்ரில்லில் நூல்கள் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும் இடம் குறைவு. இழுக்கும்போது பக்கத்து நூல்கள் நகர்ந்து கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும், அதனால் கிழிசல் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டு நூலை அறுத்தாக வேண்டும். கேன்வாஸ் நெருக்கமான குறுக்கு நெடுக்கு நெசவு, நூலுக்கு நகர இடமில்லை, ஒவ்வொன்றாக அறுபட்டுக்கொண்டே போகும். தேய்மானத்துக்குக் கேன்வாஸும் நன்றாகவே தாங்கும். உங்களுக்கு முள், அதனால் ட்ரில்.

தேவாலா மழை

ஒரு சந்தேகம். முட்டிப் பலகைக்குக் கீழ் ஓரம் தைக்காம விடச் சொன்னீங்க. அது வழியா அட்டை உள்ள போயி உக்காந்துக்காதா?

தையல்கடை

அட ஆமாங்க. கேத்தியில அட்டை கம்மி, அங்க திறந்தே இருக்கட்டும். உங்களுக்கு மூடித் தைச்சு, ஓரத்துல ரெண்டு பிரஸ் பட்டன் வைச்சுத் தர்றேன். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் திறந்து உதறிக்குங்க.

கொழுந்து

பிரஸ் பட்டன் இடுக்குலயும் போகும் அண்ணா. எங்களுக்கு மூடியே தைச்சுருங்க, மணலோட நாங்க பார்த்துக்கறோம்.